தங்கக் கோடும் தடதடச் சத்தமும்: பழம்பாணி மோட்டார் சைக்கிள்களை வாசித்தல்

1

சந்தை இன்றைக்குத் 'தேர்வு' என்று நம் கையில் கொடுப்பது என்ன என்பதைப் புரிந்துகொள்ளப் பெரிய தத்துவ நூல்களுக்குள் போகவேண்டியதில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கப் புறப்பட்டால் போதும்.

நான் புது வண்டி வாங்கவேண்டியிருக்கிறது. பதினைந்து வருஷம் ஓடிய நூறு சி.சி. வண்டி இனித் தாங்காது. தவணைக்குக் கட்டுப்படுகிறவை எவை என்று பட்டியல் போட்டதில் ஐந்து பெயர்கள் நின்றன: ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, அதே கம்பெனியின் ஹன்டர் 350, ஹோண்டா சிபி 350, ஜாவா 42, ட்ரையம்ஃப் ஸ்பீட் 400. ஐந்துக்கும் வட்ட முகப்பு விளக்கு. ஐந்துக்கும் உருண்டு திரண்ட டேங்க். ஐந்துமே 'நான் புதுசு இல்லை' என்று சொல்லிக்கொண்டு ஷோரூமில் புத்தம்புதுசாக நிற்கின்றன. தொழிற்சங்கத்தில் இருக்கும் நண்பர் கேட்டார்: "புதுசு வாங்கப்போறவன் எதுக்குய்யா பழசு மாதிரி இருக்கறதையே தேடறே?"

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் இது கோட்பாட்டுக் கேள்வி. மைலேஜ், விலை, குதிரைத்திறன் என்று ஒப்பிட்டு அட்டவணை போடுகிறவர்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதே இல்லை. ஐந்தில் எது என்பது இரண்டாவது கேள்வி. ஏன் ஐந்துமே ஒரே கடந்தகாலத்தின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகின்றன, அந்தக் கடந்தகாலம் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் தேடாமல் இரண்டாவதற்குச் சொல்லப்படும் பதில் வெறும் விளம்பரமாகவே முடியும். எனவே வரிசைப்படியே போகலாம்.

2

இந்த வண்டிகள் நினைவூட்டுகிற காலத்தில் இங்கே என்ன நடந்தது?

1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை உருவாக்கின; திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. அதற்கு முன்பே இந்திய இராணுவம் இறக்குமதி புல்லட்டுகளை வாங்கிப் பழகியிருந்தது. 1960களின் தொடக்கத்தில் மைசூரில் ஐடியல் ஜாவா, ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத். ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்கு இந்தியச் சாலையில் மோட்டார் சைக்கிள் என்றால் பிரதானமாக இந்த மூன்றும்தான். லைசென்ஸ் முறை, இறக்குமதித் தடை, காத்திருப்புப் பட்டியல் எல்லாம் சேர்ந்து உண்டாக்கிய உலகம் அது. புல்லட் வாங்கியவர் பத்து வண்டியை ஓட்டிப் பார்த்து அதைத் தேர்ந்தெடுத்தவரல்ல. கிடைத்ததை வாங்கினார். அதுவும் வாங்க முடிந்தவர் வாங்கினார்.

ஊரில் யார் வாங்க முடிந்தது? சப்-இன்ஸ்பெக்டர், பண்ணையார், மில் முதலாளியின் மகன், நெல் வியாபாரி, காண்டிராக்டர். மற்றவர்கள் சைக்கிளில் போனார்கள், பஸ்ஸில் போனார்கள், பெரும்பாலும் நடந்து போனார்கள். நடந்து போகிறவனுக்குப் புல்லட் முதலில் கண்ணில் படுவதில்லை, காதில்தான் விழும். தெருமுனையில் அந்தத் தடதடச் சத்தம் கேட்டதும் திண்ணையில் இருப்பவன் எழுந்து நிற்பான். மடித்துக் கட்டிய வேட்டி கீழே இறங்கும். எஞ்சினின் ஒலி அதிகாரத்தின் ஒலியாக இருந்தது. இதைச் சேர்த்துக்கொள்ளாமல் புல்லட்டின் 'கம்பீரம்' பற்றிப் பேசுவது, பண்ணை வீட்டுத் தூண்களின் வேலைப்பாட்டை மட்டும் வியந்துவிட்டுத் திரும்புவதற்குச் சமம்.

1980களின் மத்தியில் ஜப்பானியக் கூட்டுறவோடு நூறு சி.சி. வண்டிகள் வந்தன. ஓசூரிலிருந்து இந்த்-சுசுகி, பிறகு ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100. சின்ன வண்டி, குறைந்த எண்ணெய், லேசான உதை. குமாஸ்தாவும் வாத்தியாரும் மோட்டார் சைக்கிளில் ஏறியது இவற்றில்தான். பழைய கனத்த வண்டிகள் ஒவ்வொன்றாய்த் தோற்றன. யெஸ்டியைச் செய்துகொண்டிருந்த மைசூர் ஆலை 1996இல் மூடப்பட்டது. என்ஃபீல்டு 1994இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு முழுமையாகப் போனது. 2000 வாக்கில் அதையும் மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலைமை. மக்கள் அந்த வண்டிகளை நிராகரித்திருந்தார்கள் என்பதே வரலாறு. எண்ணெய் ஒழுகியது, குளிர்காலத்தில் கிளம்ப மறுத்தது, உதைத்தால் திருப்பி உதைத்தது. அன்றைக்கு யாரும் இதைப் 'பாரம்பரியம்' என்று சொல்லவில்லை, தொல்லை என்றார்கள்.

2009இல் கிளாசிக் வந்தது. இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. இந்தக் கிளாசிக், திருவொற்றியூரில் அதுவரை செய்யப்பட்ட புல்லட்டின் நேர்வாரிசு இல்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்து இங்கிலாந்தின் ஜே2 என்ற வண்டியிலிருந்து அதன் உருவம் எடுக்கப்பட்டது. நம்மில் பெரும்பாலோர் கண்ணால் கண்டிராத வண்டி அது. ஆக, கிளாசிக்கைப் பார்த்து 'எங்க தாத்தா காலத்து வண்டி' என்று கண் கலங்குகிறவர், தாத்தாவிடம் இல்லாத வண்டியைத்தான் நினைவுகூர்கிறார். பல வீடுகளில் தாத்தாவுக்கு வண்டியே இல்லை.

அமெரிக்க மார்க்சியர் ஃப்ரெடெரிக் ஜேம்சன் கடந்தகால ஏக்கப் படங்களைப் பற்றி எழுதியபோது, அவை வரலாற்றைக் காட்டுவதில்லை, வரலாற்றின் இடத்தில் ஒரு 'பாணி'யை வைக்கின்றன என்றார். வரலாற்றில் எழுந்து நிற்கவேண்டிய திண்ணை இருக்கும். பாணியில் அது இருக்காது. எழுந்து நின்றவனின் பேரனுக்கும் பாணியை விற்கலாம், உட்கார்ந்திருந்தவனின் பேரனுக்கும் விற்கலாம். தேர்வே இல்லாத காலத்தின் வடிவங்களை ஐந்தாக நிறுத்தி 'தேர்ந்தெடு' என்று சொல்வதுதான் பழம்பாணிச் சந்தையின் சாமர்த்தியம்.

3

வடிவத்துக்கும் பொறிக்கும் உள்ள உறவைப் பார்ப்போம்.

ரோலான் பார்த் 1957இல் வெளிவந்த தன் தொன்மங்கள் நூலில் சித்ரோயன் கார் ஒன்றை வாசித்தார். வானத்திலிருந்து இறங்கியதுபோல் வழவழப்பாக, இணைப்புகள் தெரியாமல் இருந்தது அந்தக் கார். மனிதர்கள் செய்தது என்பதை மறைப்பதே அதன் மாயம். பழம்பாணி மோட்டார் சைக்கிள் இதைத் தலைகீழாகச் செய்கிறது. போல்ட் தெரியும், குழாய் தெரியும், எஞ்சினின் குளிர்விப்பு மடிப்புகள் தெரியும். 'என்னைக் கையால் செய்தார்கள், கையால் கழற்றலாம்' என்று அது சொல்லிக்கொள்கிறது. பார்த்தின் காரில் உழைப்பு மறைக்கப்பட்டது; இங்கே உழைப்பின் தோற்றம் அலங்காரமாக்கப்படுகிறது. இரண்டில் எது பெரிய பொய் என்று சொல்வது கஷ்டம்.

உதாரணங்கள் பார்க்கலாம். எஞ்சின்மீது வரிவரியாக இருக்கும் உலோக மடிப்புகள் காற்றால் குளிர்வதற்கானவை. கிளாசிக், ஹன்டர், ஹோண்டா மூன்றிலும் அந்த மடிப்புகள் உண்மையிலேயே அந்த வேலையைச் செய்கின்றன. புது ஜாவா எஞ்சின் திரவத்தால் குளிர்கிறது, முன்னால் ரேடியேட்டர் இருக்கிறது; ஆனாலும் பழைய ஜாவா மாதிரி தெரியவேண்டும் என்று மடிப்புகள் வைத்திருக்கிறார்கள். பழைய ஜாவா இரண்டு வீச்சு எஞ்சின், புதியது நான்கு வீச்சு. ஒரே சிலிண்டருக்கு இருபக்கமும் இரண்டு புகைக்குழல் என்ற பழைய அடையாளம் மட்டும் அப்படியே தொடர்கிறது. ட்ரையம்ஃப் 400உம் திரவத்தால் குளிர்வதுதான். மடிப்புகள் அதிலும் உண்டு. இதே ட்ரையம்ஃப், தன் பெரிய போனவில் வண்டிக்கு எரிபொருள் பீய்ச்சும் முறையைக் கொண்டுவந்தபோது அந்தக் கருவியைப் பழைய கார்புரேட்டர் உருவத்துக்குள் ஒளித்துவைத்தது. கார்புரேட்டர் செத்துப்போனது, அதன் முகமூடி மட்டும் எஞ்சினில் தொங்குகிறது. குறிப்பான் இருக்கிறது, குறிப்பீடு இல்லை என்று வகுப்பெடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஹோண்டாவின் கதை இன்னும் வேடிக்கை. 1969இல் சிபி 750 வந்தபோது பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழிலின் சவப்பெட்டியில் பெரிய ஆணி விழுந்தது. அதிர்வில்லாத, எண்ணெய் ஒழுகாத, பித்தானை அழுத்தினால் கிளம்புகிற வண்டி. அதிர்வை ஒழிப்பதே அன்றைக்குப் பொறியியலின் முன்னேற்றம். அதே ஹோண்டா 2020இல் இந்தியாவுக்கென்று சிபி 350ஐக் கொண்டுவந்தபோது, நீண்ட வீச்சுள்ள ஒற்றைச் சிலிண்டரை வைத்து, புகைக்குழாய் எழுப்பும் ஒலிக்கென்றே தனியாக உழைத்தது. எந்தச் சத்தத்தை ஒழித்து உலகச் சந்தையைப் பிடித்ததோ அதே சத்தத்தை இப்போது செய்துகொடுக்கிறது. பூத்ரியார் பழம்பொருள்களைப் பற்றிச் சொன்னது இங்கே பொருந்தும்: அவை பயன்பாட்டுக்காக இல்லை, காலத்தைக் குறிப்பதற்காக இருக்கின்றன. சத்தம் எஞ்சினின் விளைவாக இருந்தது போய், எஞ்சின் சத்தத்தின் சாக்காக ஆகிவிட்டது.

வேகத்துக்கும் இதே விதி. 349 சி.சி. கிளாசிக் தருவது சுமார் 20 குதிரைத்திறன். 398 சி.சி. ட்ரையம்ஃப் தருவது ஏறக்குறைய 40. கொள்ளளவில் ஐம்பது கூட, திறனில் இரட்டிப்பு. என்ஃபீல்டால் முடியாததால் இப்படி என்று நினைக்கவேண்டாம். மெதுவே அந்தப் பண்டத்தின் சாரம். வேலைக்கு ஓடுகிறவன் மெதுவாகப் போனால் அது கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையில் மெதுவாகப் போனால் அது ரசனை. நேரம் இருக்கிறது என்று ஊருக்குக் காட்டிக்கொள்ளக் காசு கொடுக்கிறோம்.

இதனால் இழந்தது என்ன என்று என் மெக்கானிக்கைக் கேட்டேன். முப்பது வருஷமாகப் புல்லட் கழற்றுகிறவர். "ஸார், முன்னெல்லாம் வண்டி தெருமுக்குல வரும்போதே டேப்பெட் லூஸா, செயின் லூஸான்னு காதாலயே சொல்லிருவேன். இப்ப சத்தம் அதேதான் வருது, ஆனா அதுல சேதி ஒண்ணும் இல்ல. கம்பெனி டப்பாவைச் சொருகினாத்தான் வண்டி வாயைத் திறக்குது" என்றார். இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. பழைய புல்லட்டுக்கு ஓர் உடலறிவு தேவைப்பட்டது. ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்து, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, பிஸ்டன் எந்த இடத்தில் நிற்கிறது என்று கால் வழியாகவே அறிந்து உதைக்கவேண்டும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். அந்த அறிவு ஓட்டுகிறவனிடமும் பழுதுபார்ப்பவரிடமும் இருந்தது. இப்போதைய ஜே வரிசை எஞ்சினில் உதைக்கும் கட்டையே கிடையாது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் மெக்கானிக்கின் காதில் இருந்த அறிவு கம்பெனியின் மென்பொருளுக்குள் போனது சாதாரண விஷயமில்லை. கைத்தொழிலின் உருவத்தை விற்றுக்கொண்டே கைத்தொழிலாளியை வெளியேற்றுவது அது.

4

கையைப் பற்றிப் பேசுகிறோம். எந்தக் கை காட்டப்படுகிறது, எந்தக் கை மறைக்கப்படுகிறது?

புல்லட் டேங்க்கின் மேல் ஓடும் தங்கக் கோட்டைக் கையாலேயே இழுக்கும் ஓவியத் தொழிலாளர்கள் சென்னையில் இருக்கிறார்கள். தூரிகையைப் பிடித்து ஒரே மூச்சில், அளவுகோல் இல்லாமல் இழுப்பார்கள். அபாரமான திறமை, அதில் சந்தேகமே இல்லை. கம்பெனியின் விளம்பரப் படங்களில் அந்தக் கையைக் காணலாம். இயந்திரம் செய்த லட்சக்கணக்கான வண்டிகளுக்கு 'கைவினை' என்ற ஒளிவட்டத்தை அந்த ஒரு கை தருகிறது.

2018 செப்டம்பரில் ஒரகடத்தில் வேறு கைகள் உயர்ந்தன. ராயல் என்ஃபீல்டு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதே நாட்களில் அதே தொழிற்பேட்டைப் பகுதியில் யமஹாவிலும் மியோங் ஷின் என்ற கொரிய உதிரிபாக ஆலையிலும் வேலைநிறுத்தம். மூன்றிலும் சங்கம் வைக்கும் உரிமை மையமாக இருந்தது. யமஹா போராட்டம் நவம்பர் வரை ஐம்பது நாட்களுக்கு மேல் நீண்டது. அந்த நவம்பர் மாதத்தில்தான் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650 இந்தியச் சந்தைக்கு வந்தது. மஹிந்திரா ஆதரவில் ஜாவா மறுபிறவி எடுத்ததும் அதே மாதம். பத்திரிகைகளின் வாகனப் பக்கத்தில் 1960களின் பொற்காலம் திரும்பிவிட்டது என்று எழுதினார்கள். உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் ஒரகடம் தொழிலாளர்கள் இருந்தார்கள். ஒரே நாளிதழ், இரண்டு பக்கம், நடுவே ஒரு மடிப்பு. கோடு இழுக்கும் கை பாரம்பரியம் ஆகிறது, கோரிக்கை அட்டை பிடித்த கை 'சட்டம் ஒழுங்குப் பிரச்சினை' ஆகிறது.

ட்ரையம்ஃபின் வரலாற்றில் இதைவிடப் பெரிய மௌனம் உண்டு. 1973இல் இங்கிலாந்தின் மெரிடன் ஆலையை மூடப்போவதாக நிர்வாகம் அறிவித்ததும் தொழிலாளர்கள் ஆலையை மறித்து உள்ளே உட்கார்ந்தார்கள். 1975இல், தொழிற்கட்சி ஆட்சியில், டோனி பென்னின் ஆதரவோடு அது தொழிலாளர் கூட்டுறவு ஆலையாயிற்று. இன்றைக்கு உலகமெங்கும் கொண்டாடப்படும் போனவில்லை 1983 வரை செய்தவர்கள் அந்தக் கூட்டுறவுத் தொழிலாளர்கள். கூட்டுறவு நொடித்த பிறகு பெயரை ஒரு கட்டடத் தொழிலதிபர் வாங்கினார். இப்போது 400 சி.சி. வண்டி மகாராஷ்டிரத்தின் சாக்கனில் பஜாஜ் ஆலையில் செய்யப்படுகிறது. ஷோரூமில் பந்தய வீரர்களின் படம் இருக்கிறது, ஹாலிவுட் நடிகர்களின் படம் இருக்கிறது. முதலாளி இல்லாமல் எட்டு வருஷம் அதே வண்டியைச் செய்த தொழிலாளர்களின் படம் எங்கும் இல்லை. பாரம்பரியம் என்று சொல்லிவிட்டு அதன் ஆகச் சுவையான அத்தியாயத்தைக் கிழித்துவிட்டார்கள்.

மைசூரிலும் இதுதான். ஐடியல் ஜாவா மூடியபோது வேலை போனது தொழிலாளர்களுக்கு. கால் நூற்றாண்டு கழித்துப் பிரச்சினையானது பெயர். யெஸ்டி என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று கர்நாடக உயர்நீதிமன்றம் வரை வழக்குப் போனது. ஆலை, இயந்திரம், மனிதர்கள் எல்லாம் போன பிறகும் ஒரு பெயருக்குச் சண்டை போட இவ்வளவு இருக்கிறது என்றால், விற்கப்படுவது இரும்பு இல்லை, ஞாபகம் என்று அர்த்தம். புது ஜாவா தயாராவது மைசூரில் அல்ல, மத்தியப் பிரதேசத்தின் பிதாம்பூரில்.

தோழர்கள் சிலருக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே சே குவேராதான் ஞாபகத்துக்கு வருவார். சே படம் போட்ட சட்டையோடு லடாக் போகிறவர்களை நான் அறிவேன். 1952இல் சேயும் அல்பெர்த்தோ கிரனாதோவும் புறப்பட்ட நார்ட்டன் 500, 1939ஆம் வருஷத்து வண்டி. சிலியில் அது செத்தே போனது. அதற்குப் பிறகுதான், நடந்தும் லாரியில் தொற்றியும் போகும்போதுதான், சுரங்கத்துக்கு வேலை தேடிப்போகும் கம்யூனிஸ்ட் தம்பதியரை அவர்கள் சந்திக்கிறார்கள். வண்டி நின்ற இடத்திலிருந்து அரசியல் ஆரம்பித்தது. இதை எந்த விளம்பரமும் சொல்லாது.

5

இனி இங்கே, நம் ஊரில், இந்த ஞாபகம் யாருடைய உடம்பில் எழுதப்படுகிறது என்பதற்கு வருகிறேன்.

2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் புல்லட் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பிய தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. 'இந்தச் சாதியில் பிறந்துவிட்டு எங்கள் முன்னால் புல்லட் ஓட்டுவதா' என்ற ஆத்திரமே காரணம் என்று குடும்பத்தார் சொன்னது பத்திரிகைகளில் வந்தது. மூன்று பேர் கைதானார்கள். வெட்டப்பட்டது கைகள் என்பதைக் கவனிக்கவேண்டும். ஆக்ஸிலேட்டரைத் திருகுகிற கை, கிளட்ச்சைப் பிடிக்கிற கை. எந்தக் குறியியலாளரைவிடவும் துல்லியமாக அந்தச் சாதிவெறியர்கள் புல்லட்டை வாசித்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது போக்குவரத்துச் சாதனம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த தாத்தாக்களின் அடையாளம். அது கைமாறியதை அவர்களால் தாங்க முடியவில்லை.

வாகனமும் சாதியும் பற்றி நமக்கு அம்பேத்கர் விட்டுச்சென்ற சாட்சியங்கள் உண்டு. சிறுவயதில் கோரேகான் போகும்போது வண்டிக்காரன், தீண்டாத பையன்கள் என்று தெரிந்ததும் ஓட்ட மறுத்தான். இரட்டைக் கட்டணம் கொடுத்துப் பையன்களே மாட்டை ஓட்ட, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்துவந்தான். 1929இல், பாரிஸ்டரான பிறகு, சாலிஸ்காவில் குதிரைவண்டிக்காரர்கள் அவருக்கு ஓட்ட மறுத்ததால் பழக்கமில்லாத ஒருவர் ஓட்ட, வண்டி கவிழ்ந்து அவர் காயப்பட்டார். யார் ஏறலாம், யார் ஓட்டலாம், யார் முன்னால் யார் இறங்கவேண்டும் என்பது இந்தச் சமூகத்தில் எப்போதுமே சாதியின் கேள்வி. 'பழைய நல்ல காலம்' என்ற கதையாடலுக்குள் இந்தச் சாட்சியத்தை நுழைத்துப் பாருங்கள், அதன் டயர் அங்கேயே இறங்கிவிடும்.

எனவே இங்கே மேற்கத்திய கோட்பாட்டாளர்களோடு ஓரிடத்தில் நான் பிரிகிறேன். பழம்பாணி என்பது வெறும் மேற்பரப்பு, வரலாறு நீக்கப்பட்ட பாணி என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால் சிவகங்கை விளங்காது. நம் ஊரில் பாணிக்கு அடியில் வரலாறு உயிரோடு இருக்கிறது, கையில் அரிவாளோடு இருக்கிறது. அதே காரணத்தால், ஒரு தலித் இளைஞர் தவணையில் புல்லட் வாங்கித் தெருவில் ஓட்டுவதை 'நுகர்வியத்துக்குப் பலியானார்' என்று எழுதுகிற முற்போக்கு மேதாவித்தனத்தையும் ஏற்கமுடியாது. மேல்சாதிக்காரர் அதே வண்டியில் போனால் கடந்தகாலத்துக்குத் திரும்புகிறார். இவர் போனால் அந்தக் கடந்தகாலத்தை முறிக்கிறார். பண்டம் ஒன்றுதான், இரண்டு வாசிப்பும் ஒன்றல்ல.

பெண்களின் விஷயத்திலும் இப்படித்தான். புல்லட் 'ஆம்பிளை வண்டி' என்ற பேச்சு உதைக்கும் கட்டையின் மேல் கட்டப்பட்டது. அதை உதைக்கத் தெரிவது ஒரு சடங்கு, தெரியாதவன் பாதி ஆண். பித்தானை அழுத்தினால் எவர் அழுத்தினாலும் எஞ்சின் கிளம்பும் என்று ஆனதும் அந்தச் சடங்கு காலாவதியாயிற்று. அதனால்தான் உதைகட்டை போனதில் எனக்கு வருத்தமில்லை என்றேன். சடங்கு போனாலும் பேச்சு மட்டும் போகவில்லை. சைலன்சரைக் கழற்றி வேறு மாட்டித் தெருவையே அதிரவைக்கிறவனிடம் அது மிச்சமிருக்கிறது.

6

இனி இரண்டாவது கேள்விக்கு வரலாம்: ஐந்தில் எது?

முதலில் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரைக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. 350ஐத் தாண்டினால் 40 சதவீதம். கிளாசிக்கும் ஹன்டரும் 349, ஹோண்டா 348. பாரம்பரிய எண் என்று சொல்லப்படும் 350, இன்று வரிக் கோட்டின் எண்ணாகவும் இருக்கிறது. 398 சி.சி. ட்ரையம்ஃப் அந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்கிறது. ஐந்தில் நன்றாக ஓடுகிற வண்டி அதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாற்பது குதிரைத்திறனை நான் எங்கே கொண்டுபோய் ஓட்டப்போகிறேன் என்பதே சந்தேகம்.

அடுத்து, வடிவத்தின் நேர்மை. மடிப்பு குளிர்விக்கவேண்டும், சும்மா இருக்கக்கூடாது. இந்த அளவுகோலில் ஜாவா விலகுகிறது, ட்ரையம்ஃபும்தான். ஹோண்டாவும் என்ஃபீல்டின் இரண்டும் நிற்கின்றன.

மூன்றாவது, யார் ஓட்டலாம். என் வீட்டில் வண்டி ஓட்டுவது நான் மட்டுமல்ல, மனைவியும் ஓட்டுவார். கிளாசிக் 195 கிலோ, இருக்கை உயரம் 805 மி.மீ. ஹன்டர் 181 கிலோ, 790 மி.மீ. ஹோண்டா ஹைனஸ் 181 கிலோ, 800 மி.மீ. பதினான்கு கிலோ என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. சாய்ந்த வண்டியை மார்க்கெட் சந்தில் நிமிர்த்தும்போது அது ஒரு மூட்டை. 'ஓடும்போது எடை தெரியாது' என்று விற்பனையாளர் சொல்வார். வண்டி ஓடாத நேரமும் உண்டு. கூட்டத்தில் தள்ளவேண்டும், வாசல்படி ஏற்றவேண்டும்.

நான்காவது, யார் பழுதுபார்க்கலாம். டப்பாவைச் சொருகவேண்டியது எல்லாவற்றுக்கும் பொது. ஆனால் ஆயில் மாற்ற, கேபிள் மாற்ற, செயின் இறுக்க, பிரேக் கட்டை போடத் தெருமுனை மெக்கானிக்கின் கை போதும். உதிரிபாகம் தாலுகா ஊரிலும் கிடைக்கவேண்டும். என்ஃபீல்டுக்கு அது கிடைக்கிறது. என் ஊரில் ஹோண்டாவின் இந்த வகை வண்டிக்கு மாவட்டத் தலைநகர் போகவேண்டியிருக்கிறது.

ஐந்தாவது, யார் செய்தார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டால் எந்த வண்டியும் சுத்தமாகத் தேறாது. தேறாது என்பதால் கேட்காமல் விடுவது சரியல்ல. எங்கோ சாக்கனில், பிதாம்பூரில் நடப்பதைப் பத்திரிகை வழியாகத்தான் அறிவேன். ஒரகடத்தில் நடப்பதை அங்கே வேலைக்குப் போகிறவர்களின் வாயாலேயே கேட்கமுடியும். அடுத்த முறை அவர்கள் வாயிலில் உட்கார்ந்தால், அந்த வண்டியிலேயே போய் அவர்களோடு உட்காரமுடியும். இது தூய்மையான காரணம் இல்லை, நடைமுறைக் காரணம். நமக்குத் தூய்மை வேண்டாம். அந்தச் சொல்லின் சரித்திரமும் நமக்குத் தெரியும்.

ஆக, ஹன்டர். பட்டியலில் ஆகக் குறைந்த அலங்காரம் உள்ளது, தங்கக் கோடு இல்லாதது, கிளாசிக்கின் அதே எஞ்சினைக் கொண்டது. 'அதுல புல்லட் லுக் இல்லையே ஸார்' என்று விற்பனையாளர் இரண்டு தடவை சொன்னார். அதற்காகத்தான் அதை எடுக்கிறேன் என்றேன். அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்ததால் நாம் சந்தையை வென்றுவிட்டதாக நினைத்துக்கொள்வது அபத்தம். செய்யவேண்டிய வேலை வேறு. இந்தக் கம்பெனிகள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதி, படம் எடுத்து, அருங்காட்சியகம் வைத்து விற்கின்றன. திருவொற்றியூரில் 1960களில் வார்ப்படம் ஊற்றியவர்கள், மைசூர் ஆலையில் கடைசி நாள் வரை நின்றவர்கள், ஒரகடத்தில் 2018இல் வெளியே உட்கார்ந்தவர்கள், சேரித் தெருவில் முதல் புல்லட்டை நிறுத்தியவர்கள், காதால் டேப்பெட் பார்த்த மெக்கானிக்குகள் ஆகியோரின் வாய்மொழி இதுவரை தொகுக்கப்படவில்லை. இவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. நம் பத்திரிகைகள் கவிதைக்கும் கோட்பாட்டுக்கும் ஒதுக்கும் பக்கங்களில் கொஞ்சம் இதற்கும் ஒதுக்கினால், அடுத்த தலைமுறை வண்டி வாங்கப் போகும்போது கம்பெனி சொல்லும் கடந்தகாலத்தோடு வேறொரு கடந்தகாலமும் கையில் இருக்கும். ஒலிப்பதிவுக் கருவி இப்போது எல்லோர் சட்டைப்பையிலும் இருக்கிறது. யாராவது ஒருவர் திருவொற்றியூரில் ஆரம்பிக்கலாம். வண்டி நான் தருகிறேன்.